பதினொரு மில்லிமீற்றர்

துறைமுகத் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம்,
திருகோணமலை.
11.01.1974

டொக்டர் தங்கேஸ்வரி அவர்களுக்கு,

நீங்கள் கொழும்புக்கு மாறிப் போய் நாலு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் கோணேஸ்வரி என்று ஒரு பிள்ளை மௌத்தாகிவிட்டது. வயது இருபத்தாறு. ஊர் கட்டைபறிச்சான். புருஷன் கனகசபை துறைமுகத்தில் மா மூட்டை இறக்குகிறவன். கைக்குழந்தைக்கு மூன்று மாதம். நெருப்புக்காய்ச்சல், டைபொயிட், என்று டிசம்பர் பதினெட்டில் கொண்டுவந்தார்கள். இரத்தத்தை என்னிடம் அனுப்பினார்கள். கிருமியை வளர்த்தேன், தட்டில் பரப்பினேன், மருந்து தோய்த்த கடதாசி டிஸ்க்குகளை வைத்தேன், அடுத்த நாள் அளந்தேன். குளோரம்பெனிக்கோல் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பதினாறு மில்லிமீற்றர். சுவரில் உங்கள் தாள் தொங்குகிறது. 1966இல் நீங்களே தட்டச்சு அடித்து, கண்ணாடி போட்டு மாட்டிய தாள். பத்தும் அதற்கு மேலும் என்றால் மருந்துக்குக் கிருமி பணியும். நானும் 'சென்சிற்றிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பணியவில்லை. பதின்மூன்றாம் நாளும் காய்ச்சல் நூற்றிமூன்று. வார்ட் டொக்டர் சோமசேகரம் கீழே இறங்கி வந்து கேட்டார்: "ஸைனுலாப்தீன், உம்மட றிப்போட் சரிதானோ?" நான் தாளைக் காட்டி, "சரி டொக்டர், பதினாறு" என்றேன். அவர் அதே மருந்தைத் தொடர்ந்தார். நாலு நாளில் குடலில் ஓட்டை விழுந்து முடிந்துவிட்டது.

எட்டு வருடம் அந்தத் தாளைக் குர்ஆனுக்கு அடுத்தபடியாக நம்பினேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள். ஆனாலும் நம்பினேன். இந்தக் கிருமியைக் குழாயில் அடைத்து, மெழுகு வைத்து, என் மச்சான் முஹம்மது தம்பி கையில் ரெயிலில் அனுப்புகிறேன். உங்கள் நியம ஆய்வுக்கூடத்தில் எல்லாம் திறமாக இருக்குமே. பார்த்துச் சொல்லுங்கள். பிழை எங்கே?

எம். ஸைனுலாப்தீன்,
ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்.


நியம ஆய்வுக்கூடம்,
கொழும்பு.
19.01.1974

திரு. ஸைனுலாப்தீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் குழாயும் கிடைத்தன. அந்தப் பெண்ணின் மரணத்துக்கு வருந்துகிறேன். கடிதத்தின் தொனி பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

கிருமியை நானே பார்த்தேன். நெருப்புக்காய்ச்சல் கிருமிதான். உங்களிடம் இருக்கிற அதே பெட்டி டிஸ்க்குகளால் மூன்று தட்டுகளில் சோதித்தேன். மூன்றிலும் வட்டம் பதினொரு மில்லிமீற்றர்தான் வந்தது. பதினாறு எதிலும் வரவில்லை. பதினொன்று என்றால் குளோரம்பெனிக்கோல் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் உங்களுக்குப் பதினாறு எப்படி வந்தது? தட்டில் ஏகார்க் கூழை எவ்வளவு தடிப்பாக ஊற்றுகிறீர்கள்? நாலு மில்லிமீற்றர் தடிப்பு இருக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லித் தந்தேன். தட்டு மெலிந்தால் மருந்து கீழே இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் பரவும், வட்டம் பொய்யாகப் பெருக்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

ஒரு தட்டை எடுத்துக் குறுக்கே வெட்டி, அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு பிழை எங்கே என்று என்னைக் கேளுங்கள்.

டொக்டர் த. தங்கேஸ்வரி


திருகோணமலை
25.01.1974

டொக்டர் அவர்களுக்கு,

நாலு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தபோது 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டீர்கள். இப்போது 'திரு.' போட்டிருக்கிறீர்கள். நல்லது.

வெட்டி அளந்தேன். இரண்டரை மில்லிமீற்றர்.

நான் மறைக்கப் போவதில்லை. எழுபத்திரண்டிலிருந்து ஏகார் பாதிதான் தருகிறார்கள். கேட்டால் இறக்குமதி இல்லை என்கிறார்கள். நாற்பது தட்டு ஊற்ற வேண்டிய ஏகாரில் அறுபத்தைந்து ஊற்றினேன். ஊற்றாவிட்டால் இருபத்தைந்து நோயாளிகளின் சோதனை நின்றுவிடும். மெலிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. 'சமாளிக்கலாம்' என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிழை என்னுடையது. அதை எழுதியபிறகு இரண்டு நாள் இந்தக் கடிதத்தைத் தொடவில்லை.

இனி உங்கள் பங்குக்கு வருவோம்.

மிச்சமிருந்த ஏகார் முழுவதையும் போட்டு நாலு மில்லிமீற்றரில் மூன்று தட்டு ஊற்றினேன். கோணேஸ்வரியின் கிருமியைத் திரும்பச் சோதித்தேன். உங்களுக்கு வந்தது போலவே பதினொன்று. தாளைப் பார்த்தேன். பத்தும் அதற்கு மேலும் பணியும். அப்படியென்றால் என் தட்டு சரியாக இருந்திருந்தாலும் நான் 'சென்சிற்றிவ்' என்றுதான் எழுதியிருப்பேன்! அந்தப் பிள்ளை எப்படியும் செத்திருக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 'பதினொன்று என்றால் ஒன்றும் செய்யாது' என்று நீங்கள் சந்தேகமே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் தந்த தாளில் அப்படி இல்லையே. உங்களிடம் வேறொரு தாள் இருக்கிறது, டொக்டர். எங்களுக்குத் தராத தாள்.

இன்னொன்று. 1972 ஆகஸ்டில் உங்கள் கூடத்துக்கு உத்தியோகபூர்வமாக ஒரு கடிதம் எழுதினேன். 'பழைய டிஸ்க் பத்து மைக்ரோகிராம், இப்போது வருகிற டிஸ்க் முப்பது. மருந்து மூன்று மடங்கானால் வட்டமும் பெருக்குமே, பழைய அளவையே பாவிப்பதா?' என்று கேட்டேன். பதில் வந்தது: 'தற்போதுள்ள அறிவுறுத்தலைப் பின்பற்றவும்.' கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கீழே கையெழுத்து உங்களுடையது.

கிண்ணியாவிலிருந்து ஸல்ஹா என்று பதினாறு வயதுப் பிள்ளை இப்போது வார்ட்டில் கிடக்கிறாள். அதே காய்ச்சல், அதே மருந்து, ஏழாம் நாள். அவளுடைய கிருமிக்கும் பதினொன்று. டொக்டர் சோமசேகரத்திடம் மருந்தை மாற்றச் சொன்னேன். "நீர் சொல்லி மாத்தேலாது ஐசே. கொழும்புத் தாள் பணியும் எண்டு சொல்லுது. அம்பிசிலின் கையிருப்பு எவ்வளவு எண்டு உமக்குத் தெரியுமோ? எழுத்தில கொண்டு வாரும், மாத்துறன்" என்கிறார்.

கடிதம் எழுதி நேரம் போக்க வேண்டாம். தந்தி அடியுங்கள்.

ஸைனுலாப்தீன்


கொழும்பு
29.01.1974

நானா,

தந்தி நேற்றுப் பகலே கிடைத்திருக்கும். டொக்டர் சோமசேகரத்தின் பெயருக்கே அடித்தேன். ஸல்ஹாவுக்கு மருந்து மாற்றியாயிற்றா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

ஓம், வேறொரு தாள் இருக்கிறது. 1972 ஒக்டோபரில் நான் எழுதியது. இந்தியாவிலும் மெக்சிக்கோவிலும் இந்த மருந்துக்குப் பணியாத நெருப்புக்காய்ச்சல் பரவுகிறது என்று சஞ்சிகைகளில் வாசித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய முறையையும் படித்து, எங்கள் டிஸ்க்குகளுக்கும் எங்கள் வசதிக்கும் ஏற்றபடி எழுதினேன். பன்னிரண்டும் அதற்குக் கீழும் பணியாது. பதினெட்டும் அதற்கு மேலும் பணியும். இடையில் வந்தால் சந்தேகம், திரும்பச் செய். ஒவ்வொரு நாளும் மருந்துக்குப் பணியும் என்று தெரிந்த ஒரு கிருமியைப் பக்கத்துத் தட்டில் வைத்துச் சோதி. அதன் வட்டம் வழமைக்கு மாறாக வந்தால் அன்றைய தட்டு எதையும் நம்பாதே. இவ்வளவுதான். இரண்டு பக்கம்.

கணக்குப் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். ஓம், உங்கள் மெலிந்த தட்டில் வந்த பதினாறுகூட அந்தத் தாளில் 'சந்தேகம்' என்றுதான் விழுந்திருக்கும்.

எந்த அளவைப் பாவிப்பது என்று தீர்மானிக்கிற நியமக் கொமிற்றி அதை மூன்று தரம் ஒத்திவைத்தது. தலைவர் டொக்டர் அருளம்பலம் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேற மருந்து வாங்க வழியில்லாத நாட்டில, இருக்கிற மருந்து வேலை செய்யாது எண்டு சொல்லி என்ன பிரயோசனம், தங்கேஸ்வரி? இதை வெளியில விட்டா இதுவரைக்கும் குடுத்த றிப்போட் எல்லாம் என்ன எண்டு கேப்பினம்." தாள் அவருடைய அலுமாரிக்குள் போனது. நான் சும்மா இருந்தேன்.

ஆகஸ்ட் கடிதம் பற்றி: அதற்கு வந்தது அச்சடித்த பதில். ஒரு நாளைக்கு நாற்பது வரும். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். எழுதியது நீங்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும், நானே என்னைக் கேட்டுவிட்டேன். ஆனால் ஒன்றையும் நீங்கள் விளங்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் ஒரு பெண் கொமிற்றியை மீறினால் என்ன நடக்கும் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்குத் தெரியாது.

தாளின் காபன் பிரதியை இதனோடு வைத்திருக்கிறேன். உடனே பாவியுங்கள். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

தங்கேஸ்வரி


திருகோணமலை
06.02.1974

டொக்டர் அவர்களுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் தந்தியைப் பார்த்த அன்றே ஸல்ஹாவுக்கு அம்பிசிலின் தொடங்கினார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நேற்றுக் கஞ்சி குடித்தாள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு அல்லாஹ் நல்லது செய்யணும்" என்று அழுதாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

பெயரைச் சொல்ல வேண்டாமா? கோணேஸ்வரியின் றிப்போட்டில் என் பெயர் இருக்கிறது. முழுப் பெயர், பதவி, திகதி. அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?

கொமிற்றி ஒத்திவைத்தால் ஒத்திவைக்கட்டும். ஒரு போஸ்ட்கார்ட் போட்டிருக்கலாமே! 'நானா, பதினெட்டுக்குக் கீழே வந்தால் நம்ப வேண்டாம்.' ஒரு வரி. யார் உங்களைத் தூக்கில் போடப்போகிறார்கள்? எனக்குத் தெரியாது என்கிறீர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் என்கிறீர்கள். இந்தப் பக்கத்தில்தான் டொக்டர், கனகசபை வந்து நின்றான். பெண்சாதியின் சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். "ஐயா, மருந்து ஏன் கேக்கேல்ல?" என்று கேட்டான். "சில உடம்புக்கு அப்பிடித்தான்" என்று பொய் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். உங்களுக்குக் கொமிற்றி. எனக்கு அவன்.

ஒரு வேலை செய்திருக்கிறேன். நான் எப்போதும் வட்டத்தின் அளவைப் பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைப்பேன். நீங்கள்தான் பழக்கினீர்கள். முப்பது மைக்ரோகிராம் டிஸ்க் வந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு நெருப்புக்காய்ச்சல் றிப்போட்டுகளையும் உங்கள் புதிய தாளோடு ஒப்பிட்டேன். ஒன்பது பேருக்குப் பதினெட்டுக்குக் கீழே. ஒன்பது பேருக்கும் 'சென்சிற்றிவ்' என்று எழுதியிருக்கிறேன். அதில் நாலு பேர் இறந்திருக்கிறார்கள். தம்பலகாமத்து வயல்காரர் ஒருவர், நிலாவெளியில் ஒரு மீன்காரர், வெருகலில் ஒரு கிழவி, கோணேஸ்வரி. எல்லாரும் இந்தக் கிருமியால்தான் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்றிலிருந்து நான் அனுப்பும் ஒவ்வொரு றிப்போட்டிலும் சிவப்பு மையால் எழுதுகிறேன்: 'பழைய நியமத்தின்படி இந்த முடிவை நம்ப வேண்டாம்.' ஆஸ்பத்திரி அத்தியட்சகர் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருக்கிறார். பதிவேட்டின் பிரதியை உங்களுக்கு அனுப்புகிறேன். அதையும் அலுமாரிக்குள் வைக்க விருப்பம் என்றால் வையுங்கள்.

ஸைனுலாப்தீன்


கொழும்பு
23.02.1974

நானா,

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு துண்டுகளை ஒட்டினேன். இரண்டையும் கோபத்தில்தான் செய்தேன்.

பன்னிரண்டாம் திகதி கொமிற்றி கூடியது. பதிவேட்டுப் பிரதியைக் கொண்டுபோய் டொக்டர் அருளம்பலத்தின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இது ஆற்ற எழுத்து?" என்றார்.

"திருகோணமலை தொழில்நுட்பவியலாளர் ஸைனுலாப்தீன்."

"பென்சிலால எழுதினதெல்லாம் ஆதாரமாகுமோ?"

"மையால எழுதினதில நாலு மரணப் பத்திரம் இருக்கு சேர். அதையும் கொண்டு வரட்டோ?"

பிறகு ஒரு உறுப்பினர், தட்டு மெலிந்திருந்ததை அந்த ஆளே ஒத்துக்கொள்கிறார், ஆகவே இது தனிப்பட்ட ஊழியரின் கவனயீனம், நியமத்தின் பிழை அல்ல என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. உங்கள் நேர்மையைப் பிடித்து உங்களுக்கே கயிறு திரித்தார்கள். உங்கள் மீது ஒழுக்காற்று விசாரணைக்குச் சிபாரிசு செய்ய வேண்டும் என்றும், புதிய தாளை அடுத்த ஆண்டு மீளாய்வு செய்யலாம் என்றும் முடிவெடுக்கப் பார்த்தார்கள்.

நான் எழுந்து கத்தினேன், நானா. வாழ்க்கையில் முதல் தரம். "அந்த மனிசன் எழுபத்திரண்டிலயே கேட்டவர். பதில் எழுதினது நான். முதல்ல என்னை விசாரியுங்கோ!" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த சிறிசேன தட்டோடு வாசலில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று பின்னேரமே கூடத்து றோனியோவில் புதிய தாளை இருபத்திரண்டு பிரதி எடுத்தேன். டிஸ்க் சோதனை செய்கிற இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'உடனடியாக அமுல்படுத்தவும். பழைய தாளை அகற்றவும்.' கீழே என் பெயர் மட்டும். கொமிற்றியின் அனுமதி இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

பதினெட்டாம் திகதி என்னை நுண்ணுயிர்ப் பிரிவிலிருந்து எடுத்துக் குடிநீர்ப் பரிசோதனைக்குப் போட்டுவிட்டார்கள். இனி கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள்தான். ஆனால் சுற்றறிக்கையை ஒருவரும் வாபஸ் வாங்கவில்லை. வாங்குவதென்றால் 'பழைய தாளையே பாவியுங்கள்' என்று யாராவது எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த நாலு பேரின் கணக்குத் தெரிந்தபிறகு அதற்கு ஒருவருக்கும் தைரியமில்லை. இதுவரை பதினான்கு ஆஸ்பத்திரிகள் 'கிடைத்தது, பின்பற்றுகிறோம்' என்று பதில் போட்டிருக்கின்றன.

எனக்கு நன்றி எழுத வேண்டாம். அந்தப் போஸ்ட்கார்டை நான் போட்டிருக்க வேண்டும்.

தங்கேஸ்வரி


திருகோணமலை
10.03.1974

டொக்டர் தங்கச்சிக்கு,

நன்றி எழுதவில்லை. விசாரணை ஏப்ரலில். சம்பள உயர்வை நிறுத்துவார்கள் அல்லது இடம் மாற்றுவார்கள். டொக்டர் சோமசேகரம் எனக்காகச் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார். நேற்று அவரே ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தடிப்புப் பார்த்தார். சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூதூர் லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்து, அங்கிருந்து கட்டைபறிச்சானுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். சொன்ன பொய் நெஞ்சில் கிடந்து அரித்தது.

கனகசபை வேலிக்குக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு படலையடியில் நின்றாள். கதிரை போட்டார்கள். நான் இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து கேட்காததற்கு அவளுடைய உடம்பு காரணம் இல்லை என்றேன். தட்டு மெலிந்திருந்ததையும், தாள் பழையதாக இருந்ததையும், கேட்டும் பதில் வராததையும் சொன்னேன். வேறு மருந்து கொடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னேன்.

கத்தியைக் கீழே போட்டான். "பிழைச்சிருப்பாளோ?"

"ஓம். பெரும்பாலும்."

"அந்தத் துண்டில கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான்தான்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. "போங்கோ" என்றான். "என்ர கண்ணுக்கு முன்னால நிக்காதேங்கோ, போங்கோ!" அக்கா குழந்தையின் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்தேன். பாலத்தடிக்கு வந்தபோது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. கனகசபைதான். மூச்சு வாங்க, கண் சிவந்து நின்றான்.

"எழுதித் தாங்கோ."

"என்னத்தை?"

"இப்ப சொன்னதை. அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான் எண்டு எல்லாரும் சொல்லீனம். கோயிலடியில, கலியாண வீட்டில, எல்லா இடத்திலயும். பால் குடுக்கிற பொம்பிளை பத்தியம் காக்கேல்ல எண்டு என்ர தாயே சொல்லுறா. அவள் ஒண்டும் பிழை விடேல்ல எண்டு எழுதித் தாங்கோ. பிள்ளை வளர்ந்தாப் பிறகு குடுக்க வேணும்."

பாலத்துக் கட்டில் வைத்து எழுதுகிற விஷயம் இல்லை. எழுதிக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நம்பினானோ தெரியாது. திரும்பிப் போனான்.

எழுதிவிட்டேன், இதனோடு அனுப்புகிறேன். ஒரே பக்கம். அவனுக்கு விளங்குகிற தமிழில். கோணேஸ்வரியின் பெயர், திகதி, என் தட்டு, எங்கள் தாள், எல்லாம் இருக்கிறது. இது விசாரணையில் எனக்கு எதிராக வரும், உங்களுக்கும் எதிராக வரும். தெரிந்துதான் எழுதினேன். கீழே என் பெயர் போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். வற்புறுத்தவில்லை. வெறுமையாகத் திரும்பி வந்தாலும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஸைனுலாப்தீன் நானா


கொழும்பு
15.03.1974

நானா,

கடதாசியில் ஒரு இடத்தில் திருத்தியிருக்கிறேன். 'கொழும்பிலிருந்து பதில் வரவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். அதை வெட்டி, 'டொக்டர் தங்கேஸ்வரி வாசிக்காமல் பதில் அனுப்பினார்' என்று போட்டேன். பிறகு கையெழுத்து வைத்தேன்.

தபாலில் அனுப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ரெயிலால் இறங்குவேன். கட்டைபறிச்சானுக்கு நானும் வருகிறேன். அவன் போகச் சொன்னால் போவோம், அடித்தால் வாங்குவோம்.

மூதூர் லோஞ்ச் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

தங்கேஸ்வரி